இருட்டில் எந்தக் கெமரா நல்லது? இரண்டையும் ஒரே இரவில் ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கல்யாணமும் கோயில் திருவிழாவும் படம் பிடிக்கும் தம்பிமார் அடுத்த கெமரா வாங்கும் முன் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "அண்ணே, இருட்டுல எது நல்லா வரும்?" கேட்க வேண்டிய கேள்விதான். மண்டபத்தில் வெளிச்சம் போதாது, கருவறை முன் ஃபிளாஷ் அடிக்க முடியாது, பனி இறங்கினால் பின்னேரமே மங்கிவிடும். பதில் தேடும் முறையில்தான் பிழை நடக்கிறது. இரண்டு கெமராவிலும் கையில் பிடித்தபடி ஒவ்வொரு படம் எடுத்து, பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அங்கேயே முடிவு சொல்லிவிடுகிறார்கள். அப்படி எடுத்த முடிவு கெமராவைப் பற்றியதாக இருப்பது அபூர்வம். லென்ஸ், திரையின் பிரகாசம், கை நடுக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

இந்த வேலைக்கு அடிப்படை ஒன்றுதான்: இரண்டு சென்சரிலும் (படத்தைப் பதியும் சில்லு) விழும் வெளிச்சம் ஒரே அளவாக இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான். விற்பவரோ நண்பரோ கெமராவை ஒரு இரவுக்கு மேல் தரமாட்டார் என்று வைத்துக்கொண்டு வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பகலில் செய்ய வேண்டியதை இரவுக்குத் தள்ளினால் நேரம் போதாது.

1. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"இருட்டில் நல்லது" என்பதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. சென்சர் எவ்வளவு சுத்தமான படம் தருகிறது என்பது ஒன்று. மங்கிய வெளிச்சத்தில் ஆட்டோ ஃபோகஸ் பிடிக்கிறதா என்பது இன்னொன்று. நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் என்ன ஆகிறது என்பது மூன்றாவது. ஒன்றில் வெல்லும் கெமரா மற்றதில் தோற்கலாம்.

கல்யாண வேலைக்கு முதல் இரண்டும் முக்கியம். நல்லதண்ணியிலோ மஸ்கெலியாவிலோ நின்று சிவனொளிபாதமலைப் பாதையின் விளக்கு வரிசையை எடுப்பவருக்கு மூன்றாவதுதான் பெரிது, ஆட்டோ ஃபோகஸ் அவருக்குத் தேவையே இல்லை. உங்கள் வேலை எது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அன்றிரவு நேரம் குறைந்தால் எந்தப் பரிசோதனையை விடலாம் என்பதை அந்தத் தாள் சொல்லும்.

இன்னொரு முடிவும் இப்போதே வேண்டும். சென்சரை மட்டும் ஒப்பிடுகிறீர்களா, அல்லது கெமராவையும் அதோடு நீங்கள் வாங்கப்போகும் லென்ஸையும் சேர்த்தா? இரண்டும் சரியான கேள்விகள்தான், ஆனால் ஒரே படத்தில் இரண்டுக்கும் பதில் கிடைக்காது. முதலில் சென்சர், பிறகு முழு செட் என்பதே என் வழி. சென்சரின் அளவு தெரிந்த பிறகுதான் செட்டில் தெரியும் வித்தியாசத்தில் லென்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

ஆடாத ட்ரைபொட் ஒன்று. இரண்டு கெமராவுக்கும் முழுதாக சார்ஜ் செய்த பெட்டரிகள். காலி மெமரி கார்டுகள். மீட்டர் நாடா, ஒட்டும் டேப், இரண்டு மெழுகுவர்த்தி, குறிப்பெடுக்க ஒரு கொப்பி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டிலும் மாட்டக்கூடிய ஒரே லென்ஸ். இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை என்றால் சிக்கல் இல்லை. வேறு வேறு என்றால், டயாஃப்ரம் (வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு) மாற்றும் வளையம் உள்ள பழைய மெனுவல் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். நிகோன் எஃப் மவுண்ட் லென்ஸ் என்றால் சோனி, கெனன், ஃபுஜிஃபில்ம் மிரர்லெஸ் கெமராக்களில் உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத சாதாரண அடப்டர் (இணைப்பு வளையம்) போட்டே மாட்டலாம்.

ஏன் இவ்வளவு சிரமம் என்றால், லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண் (எண் சிறிதானால் துவாரம் பெரிது) அளவைக் கொண்டு போட்ட கணக்குத்தான். கண்ணாடிகளைத் தாண்டி உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதை அது சொல்லாது. எஃப் 2.8 என்று எழுதிய இரண்டு லென்ஸ்கள் வேறு வேறு அளவு வெளிச்சத்தைக் கடத்தலாம். ஸூம் லென்ஸ்களில் உள்ளே கண்ணாடிகள் அதிகம், இழப்பும் அதிகம். அந்த இழப்பைச் சென்சரின் குறையாக எழுதிவிடக்கூடாது.

3. பகலிலேயே இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

இரவில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருந்தால் ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போகும். அதனால் இதைப் பகலில் முடித்துவிடுங்கள்.

இரண்டிலும் மெனுவல் மோட். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஐஎஸ்ஓ என்பது படத்தின் பிரகாசத்தை ஏற்றும் எண்) வேண்டாம். ரோ கோப்பு (கெமரா திருத்தாத மூலப்படம்), அழுத்தாத வடிவம் இருந்தால் அதுவே, 14 பிட் தெரிவு இருந்தால் 14. வைட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) ஒரே கெல்வின் எண்ணில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் பின்திரையில் ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் தெரியும். மஞ்சள் படம் "இதமாக" இருப்பதால் அதுவே நல்லது என்று மனம் முந்திக்கொள்ளும்.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சில கெமராக்களில் எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டவுடன் ரோ 12 பிட்டுக்கு இறங்கிவிடும். எல்இடி விளக்கின் கீழ் குறுக்குக் கோடுகளும் அதிகம் விழும்.

அப்புறம், நிழலையும் பிரகாசத்தையும் கெமரா தானாகச் சரிசெய்யும் வசதிகள். கெனனில் ஹைலைட் டோன் பிரயோரிட்டி, ஃபுஜிஃபில்மில் டிஆர் 200, டிஆர் 400 போன்றவை. பலர் இவை ஜேபெக்கை மட்டும் மாற்றும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிரகாசமான இடம் வெளுக்காமல் இருக்க, உள்ளே குறைந்த ஐஎஸ்ஓவில் பதிவு செய்துவிட்டு நிழலைப் பின்னால் தூக்குகின்றன. ரோ கோப்பே மாறிவிடுகிறது. இரண்டு கெமராவிலும் அணைத்துவிடுங்கள்.

நீண்ட எக்ஸ்போஷர் நொய்ஸ் குறைப்பு (நொய்ஸ் என்பது இருட்டுப் படத்தில் மணல் போலத் தெரியும் புள்ளிகள்), லென்ஸின் மூலை இருட்டைத் திருத்தும் வசதி, ட்ரைபொட்டில் இருக்கும்போது ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன், இவையும் வேண்டாம். இரண்டு செக்கன் டைமர் போடுங்கள். கடைசியாக இரண்டு கெமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். மறுநாள் எந்தப் படத்துக்கு எது சோடி என்று கண்டுபிடிக்க அந்த நேரம் மட்டுமே உதவும்.

4. விளக்கும் இடமும்

வெளியே வேண்டாம். நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நுவரெலியாவிலோ அப்புத்தளையிலோ தெருவிளக்கின் கீழ் ஒரு கெமராவில் எடுத்து மற்றதை மாட்டுவதற்குள் பனிமூட்டம் வந்து போய்விடும். மூட்டம் வெளிச்சத்தைச் சிதறடித்து நிழல்களை வெளுப்பாக்கும். நிழல் வெளுத்தால் அதிலுள்ள புள்ளிகள் குறைவாகத் தெரியும். மூட்டத்துக்குள் எடுத்த கெமரா காரணமில்லாமல் ஜெயிக்கும்.

கதவை அடைக்கக்கூடிய ஒரு அறை போதும். லயத்துக் காம்பிராவே தாராளம். ஜன்னலை மூடி, ஒரே ஒரு விளக்கைச் சுவரையோ கூரையையோ நோக்கித் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மென்மையாகப் பரவும்.

மின்சார விளக்கில் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, மாலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களில் பழைய இழைப் பல்ப் அதோடு சேர்ந்து மங்கும். பக்கத்துக் காம்பிராக்களில் சமையல் முடிந்து ஓய்ந்த பிறகு தொடங்குவது நல்லது. இரண்டாவது, இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு இது தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/50 செக்கன் வைத்தால் இரண்டு முழுச் சுற்று உள்ளே வரும், எல்லாப் படத்திலும் ஒரே அளவு ஒளி. 1/200 வைத்தால் சுற்றில் பாதிதான் வரும். எந்தப் பாதி என்பது ஒவ்வொரு படத்திலும் மாறும். இந்த ஒரு காரணத்தால்தான் கீழே எல்லாப் படத்தையும் 1/50இல் எடுக்கச் சொல்கிறேன்.

விளக்கின் நிறமும் சும்மா இல்லை. மஞ்சள் பல்பு ஒளியில் நீலம் மிகக் குறைவு. படத்தை வெள்ளையாகத் திருத்தும்போது நீலத்தை மட்டும் பலமடங்கு தூக்க வேண்டியிருக்கும், அதிலுள்ள நொய்ஸும் கூடவே ஏறும். கண்டி எசல பெரஹெராவின் கொப்பரா பந்தங்களின் ஒளி அதைவிடச் சிவப்பு. வெள்ளை எல்இடியின் கீழ் சமமாக நின்ற இரண்டு கெமராக்கள் அங்கே பிரிந்துவிடலாம். எனவே நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எந்த நிற ஒளியோ அந்த நிற விளக்கையே அறையிலும் போடுங்கள்.

5. காட்சியை அடுக்குங்கள்

வெறும் சுவரை எடுத்தால் நொய்ஸ் தெரியும், ஆனால் நொய்ஸுக்குள் எவ்வளவு விவரம் பிழைத்தது என்று தெரியாது. விவரம் நிறைந்த, கருமையான பொருட்கள் வேண்டும். அவற்றைத் தேடி எங்கும் போக வேண்டாம்.

ஒரு கொழுந்துக் கூடை: பின்னல் ஒழுங்கானது, மங்கினால் உடனே தெரியும். கறுப்புக் கம்பளிச் சால்வை. கறுப்புத் தட்டில் பரப்பிய தேயிலைத்தூள். இதுதான் இருப்பதிலேயே கடுமையான சோதனை, நொய்ஸ் குறைப்பு உள்ள படத்தில் தூள் சேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும். சிறிய எழுத்துள்ள பத்திரிகைத் தாள். குங்குமம், மஞ்சள், நீலத் துணி என நிறத்துக்கு மூன்று. நடுவில் ஒரு சாம்பல் நிற அட்டை, பிரகாசத்தைச் சமப்படுத்த. முகம் வேண்டுமென்றால் வீட்டில் யாரையாவது உட்கார வைக்கலாம், ஆனால் கடைசியில். மனிதர் அசைவார், அசைவை நொய்ஸ் குறைப்பு என்று தவறாகப் படிக்க வாய்ப்புண்டு.

எல்லாவற்றையும் கெமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் வையுங்கள். அடுக்கிய பின் கை வைக்காதீர்கள்.

6. சட்டகமும் ஃபோகஸும்

ட்ரைபொட் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். இரண்டு சென்சரும் ஒரே அளவு என்றால் கெமராவை மட்டும் மாற்றினால் போதும். ஒன்று ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர்), மற்றது ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறியது) என்றால், அதே லென்ஸோடு ஏபிஎஸ்-சி கெமராவைப் பின்னுக்கு நகர்த்தி, கூடையின் விளிம்புகள் சட்டகத்தில் அதே இடத்தில் வரும்வரை சரிசெய்யுங்கள். இரண்டு இடத்துக்கும் தனித்தனி டேப்.

ஃபோகஸ் கையால்தான். திரையில் முழுதாகப் பெரிதாக்கி, பத்திரிகை எழுத்தின் மேல் வையுங்கள். ஆட்டோ ஃபோகஸை இங்கே நம்பினால் ஒவ்வொரு தடவையும் சற்றே வேறு இடத்தில் நிற்கும். ஃபோகஸ் தப்பிய படம் மென்மையாக இருப்பதால் நொய்ஸ் குறைந்த மாதிரி ஏமாற்றும்.

7. படம் எடுக்கும் வரிசை

இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஐஎஸ்ஓ 6400இல் இரண்டிலும் எடுத்தேன், இது இருண்டு போனது, அதனால் ஷட்டரைக் கொஞ்சம் குறைத்தேன் என்பார்கள். அந்த "கொஞ்சம்" முழு ஒப்பீட்டையும் கெடுத்துவிடும். ஒரு நிறுவனத்தின் 6400 இன்னொரு நிறுவனத்தின் 6400 போல அதே பிரகாசத்தைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஐஎஸ்ஓ தரவிதியே அந்த எண்ணைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை அனுமதிக்கிறது. நொய்ஸைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சென்சரில் விழுந்த வெளிச்சம். வெளிச்சத்தை 4 மடங்காக்கினால் படத்துக்கும் நொய்ஸுக்கும் உள்ள விகிதம் 2 மடங்கு நன்றாகும். ஷட்டரைத் தொட்டால் ஒரு கெமராவுக்கு மட்டும் அந்தச் சலுகையைக் கொடுத்ததாகிவிடும்.

அதனால் ஷட்டரும் டயாஃப்ரமும் இரண்டிலும் ஒன்றே. படம் ஒன்றில் இருட்டாக வந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். பிரகாசத்தை மறுநாள் கணினியில் சமப்படுத்தலாம்.

ஷட்டர் 1/50இலேயே நிற்க, ஐஎஸ்ஓவை ஏற்ற ஏற்ற டயாஃப்ரத்தை மூடிக்கொண்டே போங்கள்: 1600க்கு எஃப் 2.8, 3200க்கு எஃப் 4, 6400க்கு எஃப் 5.6, 12800க்கு எஃப் 8, 25600க்கு எஃப் 11. முதல் படத்தைப் பார்த்து விளக்கைக் கிட்ட அல்லது எட்ட வைத்து, ஹிஸ்டோகிராம் (பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடம்) நடுவில் விழும்படி அமையுங்கள். அதன் பிறகு விளக்கைத் தொடக்கூடாது. எஃப் 11இல் விவரம் சற்று மழுங்கும். அது இரண்டுக்கும் பொது, கவலைப்படாதீர்கள்.

முதல் கெமராவில் ஐந்து படம், இரண்டாவதில் ஐந்து படம், திரும்பவும் முதலாவதில் ஐந்து படம். மூன்றாவது சுற்று வீண் வேலை அல்ல. முதல் சுற்றும் மூன்றாவது சுற்றும் ஒரே பிரகாசத்தில் இருந்தால் விளக்கு மாறவில்லை. வித்தியாசம் இருந்தால் நடுவில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, அல்லது நீங்கள் வைத்தது சார்ஜ் விளக்கு என்றால் அதன் பெட்டரி குறைந்திருக்கிறது. முழுதாகத் திரும்ப எடுங்கள்.

நேரம் இருந்தால் இன்னொரு வரிசை. எஃப் 5.6, 1/50 இரண்டையும் அசைக்காமல், ஐஎஸ்ஓவை மட்டும் 100, 200, 400, 800, 1600, 3200, 6400 என்று மாற்றி எடுங்கள். 100இல் எடுத்தது கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். கணினியில் எல்லாவற்றையும் ஒரே பிரகாசத்துக்குத் தூக்கிப் பார்த்தால், எந்த ஐஎஸ்ஓவுக்குப் பிறகு படம் மேலும் சுத்தமாகவில்லை என்பது தெரியும். சில சென்சர்களில் ஒரு குறிப்பிட்ட ஐஎஸ்ஓவில் நிழல் திடீரென்று சுத்தமாகும். சோனி ஏ7 III இல் அது 640, நிகோன் இஸட்6 இல் 800. உள்ளே சிக்னலைப் பெருக்கும் முறை அந்த இடத்தில் மாறுகிறது. பந்தமும் இருட்டும் ஒரே சட்டகத்தில் வரும் இடங்களில் இந்த எண் தெரிந்திருப்பது பெரிய உதவி. அந்த ஐஎஸ்ஓவில் நின்றுகொண்டு தீப்பிழம்பு வெளுக்காமல் எடுத்து, நிழலைப் பின்னால் தூக்கலாம்.

8. ஆட்டோ ஃபோகஸ்

இதற்கு லென்ஸை மாற்றுங்கள், ஒவ்வொரு கெமராவின் சொந்த ஆட்டோ ஃபோகஸ் லென்ஸையும் மாட்டுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எண்களை நேராக ஒப்பிடாதீர்கள். கெனன் ஆர்6க்கு மைனஸ் 6.5 ஈவி (வெளிச்ச அளவு, ஒன்று குறைந்தால் வெளிச்சம் பாதி) வரை என்றும், சோனி ஏ7 III க்கு மைனஸ் 3 ஈவி வரை என்றும் போட்டிருக்கும். ஆனால் முதல் எண் எஃப் 1.2 லென்ஸோடு சொன்னது, இரண்டாவது எஃப் 2 லென்ஸோடு. அந்த லென்ஸ் வித்தியாசம் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). மிச்சம் இருப்பதுதான் கெமராக்களின் வித்தியாசம்.

வீட்டிலேயே அளந்து பார்க்க மெழுகுவர்த்தி போதும். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் 1 லக்ஸ், ஈவி கணக்கில் ஏறக்குறைய மைனஸ் 1. இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் வெளிச்சம் கால்வாசியாகும், ஏறக்குறைய மைனஸ் 3. வெள்ளைச் சுவர்கள் ஒளியைத் திருப்பிவிடும் என்பதால் இந்த எண்கள் தோராயம்தான், ஆனால் இரண்டு கெமராவுக்கும் ஒரே தோராயம்.

கெமராவின் உதவி விளக்கை அணையுங்கள். அர்ச்சனை நடக்கும்போது எவர் முகத்திலும் அதை அடிக்க முடியாது. ஃபோகஸை ஒவ்வொரு முறையும் கிட்டத் தள்ளிவிட்டு, அரை அழுத்தம், படம். பத்துத் தடவை பத்திரிகையில், பத்துத் தடவை கம்பளியில். பச்சை அடையாளம் வந்ததை எண்ணாதீர்கள், படத்தில் உண்மையில் கூர்மையாக விழுந்ததை எண்ணுங்கள். சில கெமராக்கள் பச்சை காட்டிவிட்டுத் தப்பும். பத்திரிகையில் இரண்டும் சமமாக நின்று, கம்பளியில் ஒன்று தேடிக்கொண்டே இருந்தால், கறுப்புக் கோட் போட்ட மாப்பிள்ளையிடமும் அதுதான் நடக்கும்.

9. நீண்ட எக்ஸ்போஷரும் நம் ஊர்க் குளிரும்

இரவு வானமோ மலைப்பாதையோ எடுக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

ஷட்டர் பல செக்கன் திறந்திருக்கும்போது, வெளிச்சமே படாவிட்டாலும் வெப்பத்தால் சென்சரில் மின்னோட்டம் உண்டாகிறது. அது ஏறத்தாழ ஒவ்வொரு 6 முதல் 8 பாகைக்கும் இரட்டிப்பாகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தை மாசி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது வழக்கம். கொழும்பில் 28 பாகையில் ஒருவர் எடுத்த சூடான புள்ளிப் படத்தை வைத்து உங்கள் கெமராவை எடைபோட வேண்டாம். உங்கள் இரண்டு கெமராவும் ஒரே வெப்பத்தில் இருப்பதுதான் முக்கியம்.

அதனால் இரண்டையும் அணைத்து, ஒரே இடத்தில் அரை மணி நேரமாவது வைத்துவிடுங்கள். இதுவரை சுற்றுச் சுற்றாக வேலை செய்த கெமரா உள்ளே சூடாக இருக்கும். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, மிரர் கெமரா என்றால் பார்க்கும் துவாரத்தையும் மூடி, ஐஎஸ்ஓ 3200, 30 செக்கன், தொடர்ந்து ஐந்து படம். கறுப்பாக இருக்க வேண்டிய படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள் எவ்வளவு, ஐந்தாவது படத்தில் கூடுகிறதா, ஒரு மூலை மட்டும் ஊதா நிறமாகிறதா என்று பாருங்கள்.

வெளியே வைத்துச் செய்தால் லென்ஸில் பனித்துளி படியும், துடைத்துக்கொண்டே இருங்கள். முடிந்ததும் கெமராவைப் பைக்குள் போட்டு ஸிப்பை மூடி, அதன் பிறகு வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அடுப்புச் சூடு உள்ள அறையில் குளிர்ந்த கெமராவைத் திறந்தால் உள்ளேயும் நீர் கோர்க்கும். இரவல் கெமரா என்றால் இன்னும் கவனம்.

10. மறுநாள் கணினியில்

இரண்டு கெமராவின் ரோ கோப்புகளையும் ஒரே மென்பொருளில் திறக்க வேண்டும். ரோதெரபி, டார்க்டேபிள் இரண்டும் இலவசம். ரோதெரபியில் நியூட்ரல் ப்ரொஃபைலைப் (திருத்தம் சேர்க்காத அமைப்பு) போடுங்கள். லைட்ரூம் என்றால் ஷார்ப்பனிங் 40, கலர் நொய்ஸ் குறைப்பு 25 என்று தானாகவே வைத்திருக்கும். இரண்டையும் பூச்சியமாக்குங்கள். நிறுவனங்கள் தரும் சொந்த மென்பொருளில் ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் திறந்தால் மென்பொருளைத்தான் ஒப்பிடுவீர்கள்.

சாம்பல் அட்டையைத் தொட்டு வைட் பேலன்ஸ். அடுத்து, எக்ஸ்போஷர் ஸ்லைடரை நகர்த்தி அட்டையின் பிரகாச எண்ணை இரண்டிலும் ஒன்றாக்குங்கள். இருண்ட படத்தில் நொய்ஸ் ஒளிந்துகொள்ளும் என்பதால் இதைச் செய்யாமல் ஒன்றும் பேச முடியாது.

அடுத்தது அளவு. 24 மெகாபிக்ஸல் படத்தையும் 45 மெகாபிக்ஸல் படத்தையும் 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் 45 தோற்றது போலத் தெரியும். அதே காட்சியை அதிகத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். இரண்டையும் 3600க்கு 2400 ஆகச் சுருக்குங்கள். 12க்கு 8 அங்குல பிரிண்டுக்கு 300 டிபிஐயில் இதுவே போதும், கல்யாண அல்பத்தின் பக்கமும் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

இப்போது வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து, கோப்புகளின் பெயரை மாற்றச் சொல்லுங்கள்: அ1, ஆ1 என்று. எது எந்தக் கெமரா என்பது அவருக்கு மட்டும் தெரியட்டும். காசு கொடுத்து வாங்க ஆசைப்பட்ட கெமராவின் படம் எது என்று தெரிந்தால் கண் அதன் பக்கம் சாயும், எவ்வளவு நேர்மையானவருக்கும். தேயிலைத்தூள், கம்பளி, குங்குமம், பத்திரிகை எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிய பிறகே பெயரைக் கேளுங்கள்.

11. முடிவை ஸ்டொப்பில் எழுதுங்கள்

"இது சுத்தம், அது மணல்" என்று எழுதினால் வாங்கும் முடிவுக்கு உதவாது. முதல் கெமராவின் 12800 படம் இரண்டாவதன் 6400 படம் போல இருந்தால், முதலாவது ஒரு ஸ்டொப் முன்னால். அப்படி எழுதுங்கள்.

அந்த எண் நம்பக்கூடியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஃபுல் ஃபிரேம் சென்சரின் பரப்பு 36க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி 23.5க்கு 15.6, சுமார் 367. ஒரே எஃப் எண்ணில் ஃபுல் ஃபிரேம் சேர்க்கும் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய 2.4 மடங்கு, அதாவது ஒன்றேகால் ஸ்டொப். ஒரே காலத்துச் சென்சர்கள் என்றால் உங்கள் முடிவும் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். மூன்று ஸ்டொப் வித்தியாசம் வந்திருந்தால் எங்கோ ஒரு படியில் வெளிச்சம் சமமாக இல்லை. மூன்றாம், ஏழாம் படிகளைத் திரும்பப் பாருங்கள்.

ஒரே அளவுள்ள, சில வருட இடைவெளியில் வந்த இரண்டு கெமராக்களுக்கு வித்தியாசம் பெரும்பாலும் அரை ஸ்டொப்புக்குள் அடங்கிவிடும். அரை ஸ்டொப்பை அல்பத்தில் கண்டுபிடிக்கும் வாடிக்கையாளர் கிடையாது. அப்படி வந்தால் ஆட்டோ ஃபோகஸ் முடிவை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

காசைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கெமராவோடு வரும் கிட் லென்ஸ் ஸூம் செய்தால் எஃப் 5.6. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட மூன்று ஸ்டொப்புக்கும் மேல் வெளிச்சம் தரும். ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குத் தாவிக் கிடைக்கும் ஒன்றேகாலை இதோடு வைத்துப் பாருங்கள். கடன் வாங்கி கெமராவை மாற்ற நினைக்கும் தம்பிமாரிடம் முதலில் லென்ஸை வாங்கச் சொல்கிறேன், பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

12. கடைசியாக, வேலை செய்யும் இடத்தில்

அறைச் சோதனை முடிந்த பிறகுதான் மண்டபத்துக்கோ கோயிலுக்கோ போக வேண்டும், முன்னால் அல்ல. இப்போது ஒவ்வொரு கெமராவிலும் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் லென்ஸ், முழுதாகத் திறந்து. ட்ரைபொட் இல்லை. நடக்கும் மனிதருக்கு 1/125 செக்கன் வையுங்கள். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், தாலி கட்டும் கையை நிறுத்தாது. அந்த 1/125க்கு ஒவ்வொரு கெமராவும் எந்த ஐஎஸ்ஓவைக் கேட்கிறது என்று குறியுங்கள்.

அதை அறையில் எழுதிய குறிப்போடு சேருங்கள். ஒரு கெமரா உங்கள் மண்டபத்தில் 6400 கேட்டு, அறையில் 12800 வரை உங்கள் கண்ணுக்குச் சரியாக இருந்ததென்றால் உங்களிடம் ஒரு ஸ்டொப் மிச்சம் இருக்கிறது. மற்றது 12800 கேட்டு 6400இலேயே தூள் சேறானதென்றால் அது அந்த மண்டபத்துக்கு ஆகாது, வெளியே பகலில் எவ்வளவு அழகாக எடுத்தாலும்.

வாங்கும் கெமராவில் ஆட்டோ ஐஎஸ்ஓவின் மேல் எல்லையை அறையில் கண்டுபிடித்த எண்ணில் வையுங்கள். குறைந்த ஷட்டர் எல்லை 1/125. மின்விளக்கின் கீழ் கோடு விழுந்தால் 1/100.